குகை வாயிலில் நிற்கும் சுறா

நேயர்களுக்கு வணக்கம். முக்குளிப்போர் பெரிதும் விரும்பும் சுறா எது, அதில் அவர்கள் காணும் ஈர்ப்பு என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி இந்த வானொலியினர் கேட்டிருக்கிறார்கள். டர்பனில் வளர்ந்த நம்மில் பலருக்கும் சுறாவைப் பற்றிய முதல் பாடம் அம்மாவின் வாயிலிருந்தே கிடைத்திருக்கும்: முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. அந்த அச்சத்தோடு கடலுக்குள் இறங்கிய என்னை அதிலிருந்து விடுவித்தது ஒரே ஓர் இனம், 'ரேகி' என்னும் சுறா. அதனால் இன்று அதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

டர்பனுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உம்கோமாஸ் ஊர் இருக்கிறது. அங்கே கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, கடலடியில் அலிவால் திட்டு கிடக்கிறது. மீனவர் மொழியில் சொன்னால் அது ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. பழங்காலத்து மணல்மேடு இறுகிக் கல்லாகிப் பின்னர் கடலுக்குள் மூழ்கிப் போனது. ஆற்றுமுகத்து அலைகளைத் தாண்டும் வரை ரப்பர் படகின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு போய், கடலுக்குள் மல்லாந்து விழுந்து இறங்கினால், ஜூன் வாக்கில் இங்கே குளிர்காலம் தொடங்கியது முதல் நவம்பர் வரை அங்குள்ள குகைகளில் 'ரேகி' என்று இங்குள்ளவர்கள் செல்லமாக அழைக்கும் சுறாக்களைக் காணலாம். வாயை மூடினாலும் பற்கள் வெளியே துருத்திக்கொண்டு கலைந்து நிற்பதால் ஆங்கிலத்தில் 'ரேகெட் டூத்' (கந்தல் பல்) என்று வந்த பெயரின் சுருக்கம் அது. மூன்று மீட்டர் வரை வளரும் இந்தச் சுறாவின் முகத்தை மட்டும் பார்த்தால் நம் அம்மாமார் சொன்னதெல்லாம் உண்மை என்றுதான் தோன்றும்.

நான் முதன்முதலில் அதைக் கண்டபோது அது குகை வாயிலில் மணலுக்கு ஒரு முழம் மேலே, ஏறாமலும் இறங்காமலும் அசையாமல் நின்றது. எலும்பு மீன்களுக்கு இருப்பது போன்ற காற்றுப்பை எந்தச் சுறாவுக்கும் கிடையாது; ஆகவே நீந்துவதை நிறுத்தினால் அது மெல்ல அமிழ வேண்டும். ரேகியோ நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, அதை வயிற்றில் அடக்கி வைத்துக்கொண்டு, அந்தக் காற்றின் தாங்குதலில் நிற்கிறது. வாயை அசைத்து நீரைச் செவுள்களின் வழியே செலுத்த முடிவதால், நின்ற இடத்திலேயே மூச்சும் விடுகிறது. இரவில் வேட்டையாடிவிட்டுப் பகலில் இப்படி ஓய்ந்திருக்கும் உயிரை, மங்கிய கண், செவுள் திறப்பு, விலாவில் சிதறிய பழுப்புப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்க்கலாம். மற்ற சுறாக்கள் நமக்குச் சில நொடிகளே தரும். இது தன்னைப் பார்க்க விடுகிறது. அதுவே முக்குளிப்போர் இதன்மேல் கொண்ட அன்பின் வேர் என்று நான் கருதுகிறேன்.

அலிவாலிலேயே கோடையில் வரிப்புலிச் சுறா வரும். தெற்கே ஷெல்லி பீச் பக்கத்துப் புரோட்டியா பாரில் காளைச் சுறாவையும், கூட்டமாகச் செல்லும் கொம்பன் சுறாக்களையும் தேடி ஆழத்துக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மீன்துண்டு நிரப்பிய பீப்பாயைத் தொங்கவிட்டுச் சுறாவை வரவழைத்துப் பார்ப்பதைவிட, எவரும் அழைக்காமல் தன் காரியமாக வந்திருக்கும் சுறாவைப் பார்ப்பதே எனக்கு மேலானதாகப் படுகிறது.

அந்தக் காரியம் இனச்சேர்க்கை. பெண் சுறாக்களின் உடலில் ஆணின் கடித்தழும்புகளைக் கண்ணாலேயே காணலாம். கருவுற்றவை வடக்கே சோட்வானா வளைகுடாவின் வெதுவெதுப்பான நீருக்குச் சென்று தங்கி, பிறகு நெடுந்தூரம் தெற்கே திரும்பிக் கிழக்குக் கேப் கடலோரத்தில் ஈனுகின்றன. இரண்டு கருப்பைகளிலும் முதலில் வளர்ந்த குட்டி மற்றக் கருக்களை உண்டுவிடுவதால், ஓர் ஈற்றுக்கு இரண்டே குட்டிகள், பிறக்கும்போதே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் பிறக்கின்றன. இவ்வளவு குறைவாகப் பெருகும் இனத்தை அழிப்பது எளிது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இதே இனத்தை, அதன் பற்களைக் கண்டு மனிதர்களைத் தின்னும் சுறா என்று எண்ணி, ஈட்டியோடு மூழ்கியவர்களே கொன்று குவித்தார்கள்; 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதைச் சட்டத்தால் காக்கும்போது மிகச் சிலவே எஞ்சியிருந்தன.

நம் கரையில் 1952இல் டர்பனில் தொடங்கிய சுறா வலைகள் இன்றும் இருக்கின்றன. அவை கரையை அடைக்கும் வேலிகள் அல்ல. சுறாக்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைக்கும் வலைகள். குளிப்பவர்களின் உயிர் எனக்கும் பெரிதே. ஆயினும் ரேகிகள் அவற்றில் சிக்குவதை நினைத்தால் மனம் கனக்கிறது. நின்றபடியே மூச்சுவிடும் ஆற்றல் இருப்பதால் அவற்றில் சில, வலையைப் பார்வையிட வரும் படகு சேரும்வரை தாக்குப்பிடித்து, உயிரோடு விடுவிக்கப்படுகின்றன.

இறங்க விரும்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குகை வாயிலை மறித்து நிற்காதீர்கள். நெருக்கப்பட்டதாக உணர்ந்தால் ரேகி வாலை வெட்டென்று சொடுக்கித் திரும்பும். துப்பாக்கி வெடித்தது போன்ற அந்த ஒலி நெஞ்சில் அறையும். பக்கவாட்டில் மணலோடு படிந்து, மூச்சை மெதுவாக விட்டுக் காத்திருங்கள். சென்ற பருவத்தில் அப்படிப் படிந்திருந்தபோது என் கையருகே ஒரு பல் கிடந்தது: ஊசிபோல் நீண்ட நடுமுனை, அடியில் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு சிறு முனை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதை மணலிலேயே வைத்தேன். அந்த நேரம் முழுவதும் சுறா என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.