படத்தில் இருப்பது பிள்ளையா, நாங்களா?

நடுவர் ஐயா அவர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம். பழைய அச்சுப் படங்களில் தெரிவது பிள்ளையின் வெள்ளை மனமா, பெரியவர்களின் விருப்பமா என்பதுதான் இன்றைய வழக்கு. அந்தப் படங்களைப் பார்த்தாலே அன்பும் அடக்கமும் தானாக வரும் என்று எதிரணி அக்கா உருகிப் பேசிக் கைதட்டும் வாங்கிவிட்டார். அதைக் கொஞ்சம் கெடுக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

அக்கா காட்டிய படத்தையே எடுப்போம். வெல்வெட் உடுப்புப் போட்ட சின்னப் பொடியன் ஒருவன் சவர்க்காரக் குமிழி மேலே போவதை அண்ணாந்து பார்க்கிறான். 1886 இல் ஜான் எவரெட் மில்லே என்ற ஆங்கில ஓவியர் தன் பேரனை வைத்து வரைந்தது. குமிழி என்றால் நிலையாமை, தத்துவம்! அப்புறம் என்ன நடந்தது? படம் பியர்ஸ் சவர்க்காரக் கம்பனியின் கைக்குப் போனது. பொடியனின் பக்கத்தில் ஒரு சவர்க்காரக் கட்டியைச் சேர்த்து, விளம்பரமாக அச்சடித்துப் பரப்பினார்கள். தத்துவம் கரைந்தது, கட்டி நின்றது. பிள்ளை முகம் விலைபோகும் என்று கண்டுகொண்டவர்கள் இன்றுவரை விடவில்லை.

அந்தப் பொடியன் வளர்ந்து பிரித்தானியக் கடற்படையில் அட்மிரல் ஆனார். அங்கேயும் அவருக்குப் பட்டப்பெயர் 'பபிள்ஸ்', அதாவது 'குமிழிகள்'தான். 1957 வரை அந்தக் கடற்படையோடு ஒன்றாகக் குடியிருந்த ஊர் நமது. ஒரு அட்மிரலை அப்படிக் கூப்பிடுவதை நீங்களே நினைத்துப் பாருங்கள்!

சரி, அதே நாட்டில் 1842 இல் வேறு படங்களும் அச்சாகின. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றிய அரசாங்க விசாரணை அறிக்கையில் வந்தவை. நிமிர முடியாத பொந்துக்குள், இடுப்பில் வாரும் சங்கிலியுமாக, நாலு காலில் தவழ்ந்து கரிவண்டி இழுக்கிற பிள்ளைகள். பார்த்தவர்கள் பதறினார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் எந்த வயதுப் பெண்களும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது என்று அதே வருடம் சட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்காவது உதவிய படம் எது என்று நடுவர் ஐயாவே சொல்லட்டும்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லவில்லை. ஓவியர் ரவி வர்மா 1894 இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பின் சாமி படங்கள் வீட்டுக்கு வீடு வந்தன. பிறகு சிவகாசிக் கலண்டர்கள். நம் கடைகளிலும் வெண்ணெய்ச் சட்டியோடு கண்ணன் சிரித்தான். திருட்டுத்தான், ஆனாலும் ஊதுபத்தி கொளுத்துகிறோம். பக்கத்து வளவில் மாங்காய் பிடுங்கிய பொடியன் மட்டும் வகுப்பில் வாங்கின் மேல் ஏறி நிற்கிறான். கள்ளமில்லாத பிள்ளை கலண்டரில் இருந்தால்தான் நமக்குப் பிடிக்கிறது, அக்கா.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எழும்புகிற எதிரணித் தம்பி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: குமிழிப் பொடியனைச் சுவரில் மாட்டிய எத்தனை வீடுகளில் அந்தச் சுரங்கப் பிள்ளையின் படமும் தொங்கியது? வணக்கம்.