ஊடுருவல்: எல்லையில், மண்ணில், கையில்

நேயர்களுக்கு வணக்கம். 'ஊடுருவல்' என்றதும் எல்லைக் கம்பிவேலிதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஊடு, உருவு என்னும் இரண்டும் சேர்ந்த அந்தச் சொல்லில் பகை எதுவும் இல்லை. இடைவெளி கிடைத்த இடத்தில் புகுந்து போவது, அவ்வளவுதான்.

மழைநீர் தரைப்பரப்பிலிருந்து மண்ணுக்குள் இறங்குவதும் ஊடுருவலே. மணற்பாங்கான மண் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். களிமண் 1 முதல் 5 வரைதான். இதை அளக்க, 30, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் இறக்கி, இரண்டிலும் நீர் ஊற்றுவார்கள். உள்வளையத்து மட்டம் இறங்குவதுதான் கணக்கு. வெளிவளையத்தில் நீர் இல்லாவிட்டால், உள்நீர் பக்கவாட்டில் கசிந்து பொய்க்கணக்குக் காட்டும். காய்ந்த மண் முதலில் ஆவலாகக் குடிக்கும். வேகம் தணிந்து ஒரே நிலைக்கு வந்தபிறகு எடுக்கும் அளவே செல்லும்.

பல் மருத்துவரிடமும் இதே கதைதான். மேல்தாடையின் வெளிப்புற எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. வேர்நுனிக்கு அருகே ஈறில் மரப்பு ஊசி போட்டால் மருந்து எலும்பை ஊடுருவி, வலியை உணர்த்தும் நரம்பைத் தொட்டுவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றியுள்ள எலும்போ களிமண் மாதிரி கெட்டி. அதனால் நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தருகே ஊசி போடுவார்கள். கீழுதடு பாதி மரப்பது அதனால்தான். சீழ் கோத்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்து சரிவரப் பிடிக்காது.

நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையில் 'இன்ஃபில்ட்ரேட்', அதாவது ஊடுருவியது, என்றிருந்தால் அது நோயின் பெயரல்ல. நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழோ நீரோ இரத்தமோ இருக்கலாம் என்று பொருள்.

வேண்டாத ஊடுருவல் டிரிப்ஸ் ஏற்றும்போது வருவது. நாம் 'நரம்பு' என்று சொல்லும் சிரையிலிருந்து ஊசிக்குழாய் நழுவினால், திரவம் சதைக்குள் இறங்கும். அந்த இடம் வீங்கும், தோல் இறுகி வெளுக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும். குழாயில் இரத்தம் திரும்பி வருகிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. பாதி நழுவிய குழாயிலும் அது வரும். சொட்டு குறைகிறதென்று வேகத்தைக் கூட்டினால் வீக்கம்தான் கூடும். டிரிப்ஸ் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையை மூடிவிட்டுச் செவிலியரைக் கூப்பிடுங்கள். வெறும் சலைன் என்றால் கையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் வற்றிவிடும். சில புற்றுநோய் மருந்துகளும் கால்சியமும் சதையையே புண்ணாக்கும். அப்போது உடன் இருப்பவர்கள் அவசரத்தில் ஊசியைப் பிடுங்கிவிடக் கூடாது. கசிந்த மருந்தை முடிந்தவரை அந்தக் குழாய் வழியாகவே உறிஞ்சி எடுத்தபிறகுதான் அதைக் கழற்றுவார்கள்.