வெள்ளைக் கயிறு

நேயர்களுக்கு வணக்கம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் படகுகளில் வெல்டிங் வேலை பார்த்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

என் சித்தப்பா வெல்டர். சில காலம் ஊரில், பிறகு பல வருடம் வளைகுடாவில். என்ஜின் புகைக்குழாயில் சுற்றியிருக்கும் வெள்ளைக் கயிற்றைக் கத்தியால் அறுத்து எடுத்தால்தான் பற்றவைக்க முடியும். அறுக்கும்போது மாவு போலத் தூசி பறக்கும். ஊரில் இருந்த நாட்களில் அவர் கழற்றிப் போடும் சட்டையைச் சித்தி முற்றத்தில் உதறிவிட்டுத்தான் துவைப்பார். உதறியவரின் மூச்சிலும் அதே தூசிதான் போயிருக்கும். கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் அது. வெப்பம் தாங்கும் என்பதால் வெல்டர்களின் கையுறையிலும் தீப்பொறி தடுக்கும் போர்வையிலும்கூட அதைச் சேர்த்தார்கள்.

அறுபதைத் தாண்டியபோது சித்தப்பாவுக்கு மூச்சு இரைத்தது. பீடி பிடிப்பீர்களா என்று மருத்துவர் கேட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கல்நார் இழை நுரையீரலில் தங்கி நோயாக வெளியே வரப் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அதற்குள் கம்பெனியே இருக்காது, கூட வேலை பார்த்தவர்களும் சிதறிப்போயிருப்பார்கள். வழக்கறிஞராக நான் திணறுவது இந்த இடத்தில்தான்.

ஆபத்தை எச்சரிக்காத தயாரிப்பாளரே பொறுப்பு என்று அமெரிக்க நீதிமன்றம் 1973இல் சொன்னது. வழக்குத் தொடுத்த கிளாரன்ஸ் போரெல் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. நம் உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கல்நாரால் வரும் நுரையீரல் நோய்க்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்க 1923ஆம் ஆண்டுச் சட்டமே வழி தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: வேலையிடத்துக்காக முதலாளி வாங்கிய பொருள் என்றால், அந்த முதலாளியை எச்சரித்திருந்தாலே போதும், எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை. அந்த எச்சரிக்கை வெல்டரின் காதுக்கு வந்ததா என்று யார் கேட்பது? இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே, எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில், யாரோடு வேலை பார்த்தீர்கள் என்பதை இன்றே எழுதிவையுங்கள். பொருளின் பெயர் நினைவிருந்தால் அதையும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சித்தப்பாவின் தகரப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டும் இரண்டு சம்பளச் சீட்டும் கிடைத்தன. அந்தக் கயிற்றைச் செய்தவர் பெயர் எதிலும் இல்லை.