குழாய்க்குள் அலை, பூட்டுக்குள் கருவி

தலைவர் அவர்களே, என்னை அழைத்த துறைத்தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் சுருக்கமாகப் பேசி என் பாட்டைச் சிரமமாக்கிவிட்ட முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, கதவுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம்.

அலையை வழிநடத்தும் குழாயான வேவ்கைடு பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: மோடுகளின் வகை, அதாவது உள்ளே அலையின் புலங்கள் அமையும் விதங்கள்; கட்-ஆஃப், அதாவது அலை போகத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்; இழப்பு, அதாவது போகும் வழியில் அலை வலுவிழப்பது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பதை எல்லா மேடையிலும் சொல்வேன், இங்கேயும் விடமாட்டேன்.

வகை எளிது. அலையின் மின்புலம் முழுக்கப் பயணத் திசைக்குக் குறுக்கே நிற்க, காந்தப்புலத்துக்கு மட்டும் அந்தத் திசையில் ஒரு கூறு இருந்தால் அது டிஇ (TE) மோடு. அதைப் புரட்டிப் போட்டால் டிஎம். இரண்டுமே குறுக்கே நின்றால் டிஇஎம்; நடுவே ஒரு கம்பியும் சுற்றிலும் ஓர் உலோக உறையுமாக இரண்டு கடத்திகள் உள்ள கோஆக்சியல் கேபிளில் ஓடுவது அதுதான். இரண்டாவது கடத்தி இல்லாத வெற்றுக் குழாயில் அது ஓடாது. ஒளியிழையில் ஓடும் எச்இ11 என்ற மோடு டிஇ, டிஎம் இரண்டும் கலந்த கலவை.

சரி, கட்-ஆஃபுக்கு ஒரு கதை. உள்ளே கம்பி இல்லாமல் குழாயில் அலை போகாது என்று 1893-இல் ஆங்கிலேய மின்னியலாளர் ஹெவிசைடு முடிவு கட்டினார். போகும், ஆனால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல்தான் போகும் என்று 1897-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கணக்குப் போட்டே காட்டினார். அப்புறம்? கணக்கு ஏட்டிலேயே கிடந்தது! 1935-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விநிலையத்தில் பாரோ என்பவர் 4.5 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 50 செ.மீ. அலையை அனுப்பிப் பார்த்தார். எப்படிப் போகும்? அதிர்வெண் குறைந்தால் அலை நீளும்; வட்டக் குழாயில் விட்டத்தைப் போல் 1.7 மடங்குக்கு மேல் நீளமான அலை நுழையாது. அந்தக் குழாய்க்கு எல்லை எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை. மனிதர் விடவில்லை. மறு ஆண்டு 18 அங்குல விட்டமுள்ள காற்றுக் குழாயைப் பிடித்தார், அதே அலை போயிற்று! ஆனந்தமாகக் கட்டுரை வாசிக்கப் புறப்பட்டால், அதே கூட்டத்தில் பெல் தொலைபேசி ஆய்வகத்து சவுத்வொர்த் என்பவரும் அதையே பேசவிருக்கிறார். இருவரும் தனித்தனியே ராலேயின் ஏட்டைக் கறியாக்கியவர்கள்.

இன்றைய மாணவருக்கு, செவ்வகக் குழாயின் அடிப்படை மோடான டிஇ10-இன் கட்-ஆஃப் சூத்திரம் தலைகீழாகத் தெரியும். 22.86 மி.மீ. அகலக் குழாயின் கட்-ஆஃப் 6.56 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். ஆனால் 9 கிகாஹெர்ட்ஸ் அலை காற்றில் 33 மி.மீ. இருந்து, அந்தக் குழாய்க்குள் போனதும் 48 மி.மீ.க்கு மேல் நீள்வதை, குழாயில் வெட்டிய நீளத் துளையான ஸ்லாட்டில் ப்ரோபு என்ற உணர்கம்பியை நகர்த்தி மீட்டர் முள் ஏறி இறங்குவதைப் பார்த்து அளந்தவர் எத்தனை பேர்? நான் போகும் ஆய்வகங்களில் இந்தக் கருவிகள் அடுக்கிய பெஞ்சு இருக்கிறது, மேலே உறையும் இருக்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில்தான் உறை கழல்கிறது. ஏட்டுச் சுரைக்காய்!

என் கோரிக்கை ஒன்றே. மாலை வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். ப்ரோபு உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கலாம். முதல்வர் தலையசைப்பது போல் தெரிகிறது; அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். இழப்பைப் பற்றிப் பேசத் தலைவர் நேரம் தரமாட்டார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வணக்கம்.