மடிக்கணினி மந்தமானால் முதலில் பார்க்க வேண்டிய எண்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மடிக்கணினி மந்தமாகிவிட்டால் நம்மில் பலர் முதலில் வைரஸைச் சந்தேகிக்கிறோம். அடுத்து கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய்ப் புதியதன் விலையை விசாரிக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்த்த பணத்தை அப்படிச் செலவழிப்பதற்கு முன், திரையில் ஓர் எண்ணைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைச் சொடுக்கினால், கணினியின் மூளையான செயலியின் (புராசஸர்) அடிப்படை வேகமும் அந்த நொடியில் அது ஓடும் வேகமும் தெரியும். சும்மா இருக்கும்போது வேகம் இறங்குவது இயல்புதான். ஆனால் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, கனமான வேலை கொடுத்த பிறகும் நடப்பு வேகம் 0.39 அல்லது 0.79 என்ற அளவிலேயே அசையாமல் நின்றால், ஏதோ ஒன்று செயலியை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது என்று பொருள். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972 முதல் இயங்கிவரும் இன்டெல் ஆலை போன்ற இடங்களில் சோதிக்கப்பட்டு வெளிவரும் செயலிகள் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. ஆகவே குற்றத்தை முதலில் அதன்மேல் சுமத்த வேண்டாம்.

இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ என்னும் நெறிமுறைக்குப் பிறகு, மின்சாரத்தை எங்கே எவ்வளவு செலவிடுவது என்பதை இயங்குதளமும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸும், வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டு, மின் மேலாண்மை டிரைவர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டால், இந்தக் கூட்டுப்பொறுப்பு குலைந்து, செயலி மிகக் குறைந்த வேகத்திலேயே சிக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் கெர்னல் புராசஸர் பவர் என்ற பெயரோடு 37ஆம் எண் எச்சரிக்கை தென்பட்டால், வேகத்தைக் கட்டுப்படுத்துவது பயாஸ் பக்கம் என்று அறியலாம்.

சார்ஜரையும் கவனியுங்கள். சில மடிக்கணினிகள், தமக்குரிய சார்ஜர்தானா என்று அடையாளம் பார்க்கின்றன. அடையாளம் கிடைக்காவிட்டால், அது எத்தனை வாட் தாங்கும் என்று தெரியாததால் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. சார்ஜரைக் கழற்றியதும் வேகம் ஏறினால், அதையும் அது செருகும் துளையையும் சோதிக்க வேண்டும்.

அது காரணமில்லையென்றால், விண்டோஸின் மின்சார அமைப்பான பவர் பிளானில் செயலியின் உச்ச வரம்பு 100 விழுக்காடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் மாடலுக்கென்றே உள்ள பயாஸ், சிப்செட் (தாய்ப்பலகையின் துணைச் சில்லுகள்), மின் மேலாண்மை டிரைவர்களைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து நேரடியாக எடுத்து நிறுவுங்கள். புதுப்பித்த மறுநாளே சிக்கல் தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

வேகத் தடையையே நீக்கித் தருகிறோம் என்னும் மென்பொருள்களைத் தயவுசெய்து அவசரப்பட்டு நிறுவாதீர்கள். நம் ஊர் வெக்கையில், விசிறியில் தூசி அடைத்துச் சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளவும் வேகத்தைக் குறைக்கும். அப்போது தூசியைச் சுத்தம் செய்து, செயலியின் சூட்டைக் கடத்தப் பூசப்பட்டுக் காய்ந்துபோன வெப்பக் களிம்பை மாற்றுவதே சரியான பழுதுபார்ப்பு.