காற்று மறைவுச் சரிவில் ஒரு பரண்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்கு இடம் பார்ப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். விஸ்கான்சினில் வெண்வால் மானை உரிமம் வாங்கி, அதற்கான பருவத்தில் வேட்டையாடலாம். வில் வேட்டை செப்டம்பரில் தொடங்கும். துப்பாக்கி வேட்டையின் முக்கியப் பருவம் நவம்பர் பிற்பகுதியில் ஒன்பது நாள்.

மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்கு டிரிஃப்ட்லெஸ் பகுதி என்று பெயர். பனியுகத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் தேய்த்துவிட்டுப் போன பனிப்பாறைகள் இந்த மூலையைத் தொடவில்லை. அதனால் முகடும் பள்ளத்தாக்குமாக மடிந்து கிடக்கும் நிலம் இது. சமமான இடங்களில் மக்காச்சோளமும் சோயாவும், சரிவுகளில் ஓக் காடும் இருக்கும்.

இங்கே வயது முதிர்ந்த ஆண் மான் பெரும்பாலும் காற்று மறைவுப் பக்கத்தில்தான் படுக்கும். மேற்குக் காற்று அடிக்கிறதா? அப்படியானால் கிழக்குச் சரிவில், முகட்டிலிருந்து கொஞ்சம் இறங்கி, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்த இடத்தில் பாருங்கள். முகட்டைத் தாண்டி வரும் காற்று, மானின் முதுகுப் பக்கம் யார் வந்தாலும் அந்த வாடையை அதன் மூக்குக்குக் கொண்டுவரும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே எழும். அது கீழ்ப்பக்கத்து வாடையைக் கொண்டுவரும். கண் கீழ்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைவிடப் பாதுகாப்பான படுக்கை அதற்கு வேறு கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். காற்று முழுக்கத் தனக்குச் சாதகமாக இருக்கும் இடமாகப் பார்த்து மரத்தில் பரண் கட்டுகிறார்கள். அது மானுக்கு முழுக்கப் பாதகமான இடம். அந்த வழியில் பெரிய மான் பகலில் அநேகமாக வராது. காற்று தன் பக்கம்தான் என்று மான் நம்ப வேண்டும். அதே நேரம் நம் வாடை அதன் தடத்தை ஒட்டினாற்போல் விலகிப் போக வேண்டும். செங்குத்தான ஓடைக்கரையோ, மான் நடக்காத பாறை விளிம்போ பக்கத்தில் இருந்தால், வாடை அந்தப் பக்கம் விழும்படி பரணை வைக்கலாம்.

வானிலைச் செயலி சொல்லும் திசை முகட்டுக்கு மேலே உள்ள காற்றின் திசை. மரங்களுக்கு நடுவே நடப்பது வேறு. அதற்கு நான் மில்க்வீட் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். நம் ஊர் எருக்கின் குடும்பத்துச் செடிதான். காயைப் பிளந்தால் அதே போல விதையோடு பட்டுப் பஞ்சு பறக்கும். பரணிலிருந்து ஒன்றை விட்டுப் பாருங்கள். கிழக்கே இருபது அடி நேராகப் போகும், ஓடைக்கு மேலே வந்ததும் தயங்கி நிற்கும். அப்புறம் சுழன்று, மேலேறி, நாம் உட்கார்ந்திருக்கும் மரத்துக்கே திரும்பி வரும். அந்தப் பரணுக்கு அன்றைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். வாடை நீக்கும் மருந்தை எவ்வளவு தெளித்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பொழுது சாயும்போது எல்லாம் தலைகீழாகும். நிழல் விழுந்த சரிவு முதலில் குளிரும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போல ஓடை வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எதிர்ச்சரிவில் வெயில் இருக்கும்வரை அங்கே காற்று இன்னும் மேலேறிக்கொண்டே இருக்கும். காற்று பலமாக அடித்தால் இந்த ஏற்ற இறக்கம் அதில் அடங்கிவிடும். மெல்லிய காற்றடிக்கும் நாளில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆகவே காலையில் வெயில் பட்ட பிறகு, மான் தடத்துக்கு மேலே உட்காருவது நல்லது. மாலையில், காற்று இறங்கத் தொடங்கியதும், தடத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

பரணுக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் பரணுக்குச் சமமாக முக்கியம். விடியலுக்கு முன் மான்கள் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும். வயலைக் குறுக்கே கடந்தால் அன்றைய வேட்டை அங்கேயே முடிந்தது. சுற்றுவழியானாலும் பின்பக்கமாக முகட்டுக்கு ஏறுங்கள். மாலையில் அவை திரும்ப வயலுக்கு வந்திருக்கும். இருட்டும்வரை பரணிலேயே அசையாமல் இருந்து, ஓடைத் தண்ணீருக்குள் இறங்கி, கரை மறைவிலேயே நடந்து வெளியே வந்துவிடுங்கள். அப்போதுதான் அடுத்த மேற்குக் காற்றுக்கும் அதே பரண் உதவும்.