நாணயக்கயிறு யாருக்கு?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நெல்லையும் மாட்டையும் மனிதன் பழக்கினான் என்கிறது அந்த அணி. அவைதான் மனிதனைப் பழக்கின என்கிறோம் நாங்கள். மாட்டை அடக்க மூக்கில் குத்துகிற நாணயக்கயிறு உண்மையில் யாருக்கு என்பதுதான் கேள்வி. வன்னியில் பட்டி என்றால் மாடு நிற்கும் இடம். ஆகவே பட்டிமன்றத்துக்குப் பொருத்தமான தலைப்புத்தான். மாடு எந்த அணியில் நிற்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை.

மனிதன் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் வருடம். வயலைக் கண்டது கடைசி 12 ஆயிரம் வருடத்துக்குள். அதுவரை வேட்டை, கிழங்கு, தேன். நினைத்த இடத்தில் படுக்கை. பிறகு யாங்சி ஆற்றுப் பக்கம் காட்டுநெல்லில் கை வைத்தான். காட்டுநெல் முற்றினால் மணியைக் கொட்டிவிடும். கொட்டாமல் கதிரில் நின்ற மணிதான் கூடுதலாக வீட்டுக்கு வந்தது, அதையே திரும்ப விதைத்தான். தெரிவு செய்தது மனிதன்தானே என்பார்கள். சரி, கொட்டாத நெல்லுக்கு விதைக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் யார்? மாரிக் காலபோக வெள்ளாமையில் யானைக்காகப் பரணில் விடிய விடியக் குந்தியிருப்பது நெல்லா, நாங்களா?

அது கிடக்கட்டும். முன்னால் பேசிய வவுனியாத் தம்பி ஒரு பகிடி விட்டார். "எதிரணி அண்ணருக்கு அவருடைய மாடுதான் நாணயக்கயிறு குத்தியிருக்கு" என்று. நீங்களும் சிரித்தீர்கள். தம்பி, எனக்கு இல்லை. எங்கள் ஐயாவுக்கு, என்னைப் பெத்த தகப்பனுக்கு.

யாழ்ப்பாணத்தில் சித்தப்பா மகளின் கலியாணம். தாலி கட்டி முடியவில்லை, ஐயா மணி கேட்கிறார். பந்தியில் சோறு விழுகிறது, ஐயா மணி கேட்கிறார். பாயசம் வரும்போது ஆள் இல்லை! மாங்குளம் பஸ்ஸில் இருக்கிறார். "பின்னேரம் மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" அந்தக் கலியாண அல்பத்தில் ஐயாவின் முதுகு மட்டும் ஒரு படத்தில் இருக்கிறது. சரி, அது அடுத்தவர் கலியாணம். என்னுடைய கலியாணத்தில் என்ன நடந்தது? பொம்பிளை வீட்டார் "சம்பந்தி எங்கே?" என்று தேடினார்கள். அம்மா சொன்னா, "பால் கறக்கிற நேரம்." அந்த அல்பத்தில் முதுகும் இல்லை.

திமில் மாட்டை 8 ஆயிரம் வருடத்துக்கு முன் சிந்துவெளிக்கு மேற்கே மெஹர்கர் பக்கம் பழக்கினார்கள் என்று தம்பி கணக்குச் சொன்னார். கணக்குச் சரி. யார் யாரைப் பழக்கியது என்பதில்தான் பிழை. வளர்ந்தவர்களுக்குப் பால் செமிக்கிற உடம்பு முதலில் இருக்கவில்லை. பால்மாடு வளர்த்த சனங்களிடையேதான் அது பரவியது. வயிற்றையே மாற்றிய மாட்டுக்கு மூக்கு எம்மாத்திரம்?

2009 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று ஐயா பட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். சிவலை மட்டும் போகவில்லை. ட்ரக்டருக்குப் பின்னால் சந்திவரை வந்தது. ஐயா திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமில் பையைப் பிரித்தால் உள்ளே கயிறு. "சட்டி பானையை விட்டிட்டு இதையோ கொண்டு வந்தனீங்கள்?" என்று அம்மா ஏசினா. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிய நாலு மணிக்கு, அந்தக் கூடாரத்தில் மாடும் இல்லை மண்ணும் இல்லை, ஐயா எழும்பி வாசலில் குந்தியிருந்தார். அதற்கு அடுத்த நாளும்.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.